இரண்டிலிருந்து மூன்று வரை

அன்று மதியம் சரியாக இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு முதல் பெண் சுருண்டு விழுந்தாள். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அந்த நொடியில் நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு வரவேண்டிய தண்ணீர் லாரிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் சேரும் தடகளப் போட்டி, வழக்கம்போல என் மகள் படித்த பள்ளியில். ஆயிரத்துக்கும் மேல் பிள்ளைகள். என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. மூவாயிரம் மீட்டர் ஓடுபவள். நான் பெற்றோர் குழுவில் இருந்தேன். தண்ணீர், சாப்பாடு, முதலுதவி மூன்றும் என் பொறுப்பு.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் புள்ளியியலில் எம்.எஸ்சி. படித்தவள். காலவரிசைப் பகுப்பாய்வு எனக்குப் பிடித்த பாடம். வரிசையாக வரும் எண்களைப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று கணிக்கும் கலை அது. கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பதினைந்து வருடத்தில் அங்கே யாரும் என்ன படித்தீர்கள் என்றுகூடக் கேட்டதில்லை.

இனி இன்னொருவரைப் பற்றி. என் மகளின் வகுப்புத் தோழிக்கு அப்பா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூரில் மண்ணரைப் பகுதியில் குடியிருந்தார். வேறொரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் மகளும் மூவாயிரம் மீட்டர்தான் ஓடுவாள். அவள் முதலாவது வருவாள், என் மகள் இரண்டாவது. மூன்று வருடமாக அப்படித்தான். அந்தப் பெண்ணைப் பார்த்தால் என் முகம் சிரிக்கும், வயிறு எரியும். ஒரு குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். வெட்கப்பட்டும் எரிச்சல் குறையவில்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு தலைமையாசிரியர் அறையில் கூட்டம். தோழியின் அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் விரித்தார். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் தையல் லைன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கரும்பலகை தொங்கும். மணிக்கு மணி எத்தனை பீஸ் முடிந்தது என்று சூப்பர்வைசர் அதில் சாக்பீஸால் எழுதவேண்டும். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. முந்தைய இரண்டு வருடப் போட்டிகளுக்கும் மகளோடு வந்தவர், சும்மா உட்கார முடியாமல், மணிக்கு மணி எத்தனை தண்ணீர் டிரம் காலியானது, முதலுதவிப் பந்தலில் எத்தனை பிள்ளைகள் படுத்தார்கள் என்று குறித்துவைத்திருந்தார்.

“ரெண்டு வருசமும் ஒண்ணு போலதான் சார் இருக்கு,” என்றார். “சாப்பாட்டு நேரத்துல டிரம்மு காலியாயிருது. அதுலேர்ந்து ஒண்ணரை மணி நேரம் கழிச்சு புள்ளைங்க விழுதாங்க. ரெண்டுலேர்ந்து மூணுக்குள்ள. விழுந்த பொறவு தண்ணி கொண்டாந்து என்ன செய்ய? ரெண்டாவது லாரிய பன்னெண்டு மணிக்கே வரச் சொல்லிருங்க.”

தாள்களை நான் வாங்கிப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஒரு வரிசையில் நடப்பது இன்னொரு வரிசையில் தாமதமாகத் தலைகாட்டும் என்பது நான் ராத்திரியெல்லாம் விழித்துப் படித்த பாடம். அதற்கு ஒரு பெயர் இருப்பதுகூடத் தெரியாமல் அவர் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். பாராட்டியிருக்க வேண்டும். எனக்குக் காது சூடானது.

“ஏனுங்க, போன வருசமே இதைக் காட்டியிருந்தா நாங்க இத்தனை அல்லாடியிருக்க மாட்டோமுங்களே,” என்று உடற்கல்வி ஆசிரியர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அறையில் இருந்த எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

“ரெண்டு வருசத்துக் கணக்கை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்க,” என்றேன்.

அது பொய் இல்லை. பாடப் புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் நான் அதைச் சொன்னது பாடத்துக்காக அல்ல. எழுந்துபோய்ப் பலகையில் என் கணக்கைப் போட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக இவ்வளவு தண்ணீர், மொத்தம் இவ்வளவு. காலை ஏழு மணிக்கு ஒரு லாரி, பரிசளிப்புக்கு முன் நாலு மணிக்கு இன்னொன்று. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. நாள் முழுவதுக்குமான தண்ணீர் அதில் இருந்தது. எந்த மணியில் தொண்டை வறளும் என்பது மட்டும் இல்லை.

“எம்.எஸ்சி. படிச்ச மேடம் சொல்றாங்க. அப்படியே வெச்சுக்கலாமுங்க,” என்று தலைமையாசிரியர் முடித்தார்.

தோழியின் அப்பா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “சரிங்க மேடம், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். குரலில் துளி குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போட்டி நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கிளம்பும்போது மகள் கேட்டாள்: “அம்மா, அவளோட அப்பா ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாராம். எனக்கும் இன்னொண்ணு குடுங்க.”

“அதுதான் லாரித் தண்ணி இருக்குதே கண்ணு. பை கனத்துப்போகும்,” என்று, அவள் கையில் எடுத்திருந்த இரண்டாவது பாட்டிலை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

மைதானத்தில் அவர் எங்கிருந்தோ ஒரு கரும்பலகை கொண்டுவந்து வேலியில் கட்டியிருந்தார். கம்பெனியில் போலவே கட்டம் போட்டு, மணிக்கு மணி டிரம் எத்தனை, படுத்தவர் எத்தனை என்று எழுதினார். பதினொரு மணிக்கெல்லாம் பலகை முன்னால் கூட்டம். சிறப்பு விருந்தினராக வந்த கம்பெனி முதலாளி அதைப் படித்துவிட்டு, “நம்ம கம்பெனிக்கு வந்துருங்க. குத்துமதிப்பா வேலை செய்யற ஆளுங்க எங்ககிட்ட நெறைய, எழுதி வெக்கற ஆளுதான் இல்லை,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்து வந்த திட்டத்தாள் மேஜையில் இருந்தது.

“மேடம், உங்க பேப்பர் மேல யாரோ டீ டம்ளரை வெச்சுட்டாங்க பாருங்க,” என்றார் உடற்கல்வி ஆசிரியர். வட்டக் கறை. அதைத் துடைத்த வேகத்தில் தாள் கிழிந்தது.

பன்னிரண்டே காலுக்குத் தோழியின் அப்பா என்னிடம் வந்தார்.

“மேடம், ஏழு டிரம்முல அஞ்சு காலி. லாரிக்காரர் நம்பரு உங்ககிட்டதான இருக்கு? ஒரு போன் போட்டுப் பாப்பமா?”

போன் என் கைப்பையில்தான் இருந்தது. “நாலு மணிக்குன்னு சொல்லியாச்சுங்க. மாத்தி மாத்திச் சொன்னா அவங்களுக்குச் சிரமம்,” என்றேன். “சரிங்க,” என்று போய்விட்டார்.

ஒரு மணிக்குப் பிள்ளைகள் கடைசி டிரம்மைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்துக்குப் போய் லாரிக்காரரைக் கூப்பிட்டேன். “இப்பச் சொன்னா எப்படிங்கம்மா? வண்டி ஊத்துக்குளில நிக்குதுங்க. நாலு மணிக்குத்தானுங்க வர முடியும்,” என்றார். திரும்பி வந்தபோது பலகைக்கு அருகில் அவர் இல்லை. மைதானத்திலேயே இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் வந்தது.

பிறகுதான் அந்த இரண்டு இருபது. நீளம் தாண்ட நின்ற ஒரு சிறுமி வரிசையிலேயே சரிந்தாள். அவளைத் தூக்கும்போது இன்னொருத்தி. மைதானத்தில் இருந்த ஒரே வேனில் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதே சமயம் ஒலிபெருக்கியில் மூவாயிரம் மீட்டருக்கு அழைத்தார்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் ஓடினேன். “இதைக் கொஞ்சம் தள்ளி வெக்கலாமுங்களா?” என்றேன். “பதினஞ்சு நிமிசத்துல முடிஞ்சுருமுங்க மேடம்,” என்றார். மைதானத்தில் ஒரு சொட்டுக் குடிதண்ணீர் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

கடைசிக்கு முந்தைய சுற்றில் என் மகள் விழுந்தாள். முதலில் கால்கள் பின்னின, பிறகு முகம் தரையில். பந்தலுக்குத் தூக்கி வந்தோம். தேய்த்து முடித்த இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் கை சுட்டது. உதடு வெளுத்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

“உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒரு டப்பா நிறைய இருக்குதுங்க,” என்றார் நர்ஸ். “கரைக்கத் தண்ணி வேணுமுங்க.”

பள்ளி போர்வெல் தண்ணீர் இருந்தது. தலையில் ஊற்றலாம், குடிக்க முடியாது. சாயப்பட்டறைக் கழிவால் அந்தப் பக்கம் நிலத்தடி நீர் அப்படி. அக்கம்பக்கத்துக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை என்று மூடியிருந்தன. தூரத்துக் கடைகளுக்கு ஓடிய ஆசிரியர்கள் கொண்டுவந்த தண்ணீர் பாக்கெட்டுகள் வாசலிலேயே தீர்ந்துவிட்டன. போர்வெல் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து மகள் மேல் போட்டேன். துணி உடனே சூடானது.

அப்போது என் மகளின் தோழி மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் அரை பாட்டில் தண்ணீர். “ஆன்ட்டி, இதுதான் மிச்சமிருக்கு. குடுங்க,” என்றாள். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது, இவள் இன்றைக்கும் ஜெயித்துவிட்டாளா என்பதுதான். பாட்டிலை வாங்கினேன். நர்ஸ் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் கொட்டிக் கரைத்து ஸ்பூனால் ஊற்றினார். பாதி வெளியே வழிந்தது. பந்தலில் இடமில்லாமல் பிள்ளைகளை வெளியே பெஞ்சு நிழலில் கிடத்தத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஒரு கம்பெனி வேன் மைதானத்துக்குள்ளேயே வந்தது. நாலைந்து டெய்லர்கள் குதித்து இறங்கித் தோளில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். கடைசியாகத் தோழியின் அப்பா இறங்கினார். தன் கம்பெனி கேண்டீன் சாவியை வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்து, கேட்டில் அனுமதி வாங்கி, இருந்த கேன்களை எல்லாம் ஏற்றி வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

“புள்ளைங்களுக்கு மொதல்ல. பெரியாளுங்க யாரும் தொடாதீங்க,” என்று அவர் குரல் கேட்டது.

ஸ்பூன் ஸ்பூனாக ஒரு டம்ளர் உள்ளே போனபிறகு மகள் கண்ணைத் திறந்தாள். “அம்மா, நான் எத்தனாவது?” என்றாள். அவள் நெற்றியிலிருந்த துணியை நனைத்து மாற்றிப் போட்டேன். அன்று விழுந்த பிள்ளைகள் எல்லோரும் சாயங்காலத்துக்குள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அது ஒன்றுதான் என்னைத் தூங்கவிடுகிறது. தூங்காத நாட்களில், அலமாரியில் நான் திரும்ப வைத்த அந்தப் பாட்டில் கண் முன் நிற்கிறது. ஒரு மனிதருக்குக் கிடைத்த நாலு நல்ல வார்த்தைகளைப் பொறுக்க முடியாமல் என் பெண்ணின் உயிரையே பணயம் வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் அடங்கியபிறகு அவர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

“மேடம், ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரை யாரும் விழலன்னு வாத்தியார் சொன்னாரு. ரெண்டுலேர்ந்து மூணு வரை நான் இங்க இல்ல. எத்தனை பேருன்னு எண்ணுனீங்களா?”

சுற்றிலும் படுத்திருந்தவர்களையும் வேனில் போன இருவரையும் கூட்டி, “பதினொண்ணுங்க, சார்,” என்றேன். அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

என் மடியில் படுத்திருந்தவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

“பாப்பாவையும் சேத்துச் சொல்லுங்க மேடம். விட்டுட்டா, அடுத்த வருசம் வாற புள்ளைங்களுக்குக் கணக்கு தப்பாப் போயிரும்லா.”