படையை வீட்டுக்கு அனுப்பிய அரசன்

அந்த நோர்வே அரசனின் கதையை அவனுக்குச் சொன்னது நான்தான். இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போடலாம் போல இருக்கிறது.

நாங்கள் இருவரும் கனடாவில், ஒஷாவா நகரில் ஒரே வெயார்ஹவுஸில் வேலை செய்தோம். ஸ்காபரோவில் அவன் இருந்த கட்டடம் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில். என் காரில்தான் போவோம், வருவோம். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊரும் நேரமெல்லாம் தமிழ் வானொலியில் மரண அறிவித்தலும் வீடு விற்பவர்களின் விளம்பரமும் மாறி மாறி வரும். ஒருநாள் அவன் அதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் முந்தி நோர்வேயிலை இருந்தனீங்கள்தானே. அங்கை ராசாமாற்றை கதையள் ஒண்டும் இல்லையே?"

இருந்தது. கனடாவுக்கு வருமுன் நான் நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். வேலை முடிந்து மொழி வகுப்புக்குப் போவேன். படிப்பித்த அம்மாவுக்கு இலக்கணத்தைவிடப் பழைய அரசர்களில்தான் பிரியம். அந்த நாட்டில் ஒரு காலத்தில் அரசனுக்குப் பிறந்த ஆண்பிள்ளை எவனும் முடி கேட்கலாமாம். முறையான மனைவிக்குப் பிறந்தானா, வேறு எவளுக்கும் பிறந்தானா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் எப்போது பார்த்தாலும் ஒரு கதிரை, அதைச் சுற்றி நாலு பேர். எங்கள் ஊர்ச் சங்கங்களை அறிந்தவன் என்பதால் வகுப்பில் மற்றவர்கள் விழித்துக்கொண்டிருக்க எனக்கு மட்டும் எல்லாம் சட்டென்று விளங்கியது.

அவனுக்கு நான் சொன்ன கதை இதுதான். ஒரு அரசனிடம் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவன் தாயோடு வந்தான். நான் உன் தகப்பனுக்குப் பிறந்தவன், உன் தம்பி என்றான். ஊர்ப் பேச்சுக்கூட அவனுக்கு ஒழுங்காக வராது. சபை சிரித்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் அவன் வெறுங்காலோடு நடந்து காட்டினான். அரசன் அவனைத் தம்பியாக ஏற்றுக்கொண்டான். ஆனால் அதற்கு முன்பே ஒரு சத்தியம் வாங்கியிருந்தான். நானும் என் மகனும் இருக்கும்வரை நீ முடி கேட்கக் கூடாது. அவனும் சத்தியம் பண்ணினான். அரசன் செத்ததும் சத்தியமும் செத்தது. மகன் ஒரு நகரத்தில் முடிசூட, இவன் இன்னொரு நகரத்தில் தன்னை அரசன் என்று அறிவித்தான். கொஞ்சக் காலம் நாட்டைப் பாதி பாதியாக ஆண்டார்கள். பிறகு சண்டை. மகன் வென்றான், இவன் பிறநாட்டுக்கு ஓடினான்.

"வெண்டவன் என்ன செய்தவன் தெரியுமோ?" என்று நான் கேட்டேன். "படையை வீட்டை அனுப்பிப்போட்டான். வெண்டாச்சுத்தானே, போய்ப் பெண்டில் பிள்ளையளோடை இருங்கோ எண்டு."

ஓடியவன் புதுப்படையோடு குளிர்காலத்தில் திரும்பி வந்தான். அரசனைப் பிடித்தான். கொல்லவில்லை. கண்ணைப் பிடுங்கி, ஒரு காலை வெட்டி, மடத்தில் கொண்டுபோய் விட்டான்.

என் காரில் வருபவனுக்கு இந்தக் கதையில் பைத்தியம். கிழமைக்கு ஒருதரமாவது கேட்பான். "ஏனண்ணை படையை அனுப்பினவன்? பக்கத்திலை இருந்த ஒருத்தரும் சொல்லேல்லையே?" சொன்னார்கள், கேட்கவில்லை என்பேன். அவன் உச்சுக்கொட்டி, "விசரன்" என்பான். அவன் அரசனுக்காக வருத்தப்படுகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

இனி எங்கள் சங்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம், கனடாக் கிளை. அதற்கு நான் தலைவர். வெயார்ஹவுஸில் நான் போர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அங்கே என் பெயரை முழுதாகச் சொல்ல ஒருவனுக்கும் நாக்கு வராது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மட்டும் "தலைவர் வாறார்" என்று கதிரை இழுத்து விடுவார்கள். அந்தக் கதிரை எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அவனைச் சங்கத்துக்குக் கொண்டுவந்ததும் நானே. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சில மாதங்கள் படித்தவன் அவன். எனக்கு முந்தித் தலைவராக இருந்தவர் ஒருவர், எல்லாரும் அவரை 'பெரியவர்' என்போம், கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டார்: "நாலு நாள் பள்ளிக்கூட வாங்கிலை குந்தினவன் எல்லாம் பழைய மாணவனோ?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "குண்டுக்கு ஓடிவந்த பிள்ளை எந்த வாங்கிலை இருந்து படிச்சுதோ அதுதான் அவன்ரை பள்ளிக்கூடம்" என்று கத்தினேன். சிலர் கைதட்டினார்கள். அவன் சேர்க்கப்பட்டான். பெரியவர் விடவில்லை. என் கதிரைக்கு நான் வாரிசு கொண்டுவருகிறேன் என்று போன் போனாக எடுத்துச் சொன்னார்.

அதைக் கேள்விப்பட்டு அவன் அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது. நேரே சாமிப்படத் தட்டுக்கு முன்னால் போய் நின்று, "அக்கா, கற்பூரம் இருக்கே?" என்று என் மனைவியைக் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை. கற்பூரம் கொளுத்தி அதன் மேல் கையை வைத்தான்.

"நீங்கள் இருக்குமட்டும் நான் அந்தக் கதிரைக்கு வரமாட்டன். உங்களை விட்டிட்டு இருப்பனே அண்ணை?"

சொல்லி முடிக்கவும் புகைமணி அலறத் தொடங்கியது. மனைவி துவாயை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறி நின்று வீச, நான் பல்கனிக் கதவைத் திறக்க, மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். அவன் உள்ளங்கை சிவந்திருந்தது. மனைவி அதில் மருந்து பூசிவிட்டாள். அவளுக்கும் கூடப்பிறந்த தம்பி இல்லை, எனக்கும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன்குழம்பு வைத்தால் அவனுக்கு ஒரு பங்கு தனியாகப் போனது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. பெரியவர் மறுபடியும் போட்டிக்கு நின்றார். தோற்றால் வேறு சங்கம் தொடங்குவோம் என்று அவருடைய ஆட்கள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். மேலே கூட்டம், கீழே பேஸ்மென்ற்றில் சாப்பாடு. மனைவிக்கு அன்று வேலை. அவன் என் காரில் முன்னிருக்கையில் இருந்துதான் வந்தான். வழியெல்லாம் யார் யார் எங்கள் பக்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தவனும் அவனே.

எங்கள் வழக்கம் கை தூக்கித் தெரிவு செய்வது. தேர்தலை நடத்தியவர் இரண்டு பக்கத்தையும் எண்ணி, நான் வென்றதாக அறிவித்தார். பெரியவர் எழும்பி வந்து கைகூடக் கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம் அவன் மேடைக்கு ஏறி என் காதோடு சொன்னான்.

"அண்ணை, சனம் பசியோடை நிக்குது. கீழை கொத்து ரொட்டி ஆறுது. வெண்டாச்சுத்தானே, எங்கடை ஆக்களைப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்கோவன். மிச்சம் சும்மா அலுவல்தானே."

அந்த வார்த்தைகளை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாரும் போய்ச் சாப்பிடுங்கோ" என்றேன். அதுவும் சிரித்துக்கொண்டு. என் ஆட்கள் சந்தோசமாக எழும்பிப் படியிறங்கிப் போனார்கள். பெரியவரின் ஆட்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் பசிக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

நிகழ்ச்சிநிரலில் 'வேறு விடயங்கள்' என்று ஒன்று மீதமிருந்தது. பெரியவரின் ஆள் ஒருவர் எழும்பினார். முதல் வாக்கெடுப்பில் உறுப்பினர் அல்லாதவர்களும் கை தூக்கினார்கள், அதனால் அது செல்லாது, திரும்ப நடத்த வேண்டும் என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் "ஓம், ஓம்" என்று ஆமோதித்தார்கள். தேர்தலை நடத்தியவர் குழம்பிப்போய், சரி, நடத்துவோம் என்றார். நான் படிப்பக்கம் பாய்ந்தேன், என் ஆட்களைக் கூப்பிட. அவன் என் கையைப் பிடித்தான்.

"மேடையை விட்டு இறங்காதேங்கோ அண்ணை. இறங்கினா, விலகிப்போட்டார் எண்டு சொல்லுவினம். நில்லுங்கோ, நான் போய்க் கூப்பிடுறன்."

நின்றேன். அவன் மேடையை விட்டு இறங்கினான். படிப்பக்கம் போகவில்லை. முன்வரிசையில் போய்ப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றான். பெரியவர் அவன் தோளில் கை வைத்து, தான் விலகுவதாகவும் தலைவர் பதவிக்கு அவன் பெயரை முன்மொழிவதாகவும் சொன்னார். நாலு நாள் வாங்கிலை குந்தினவன் என்று சொன்ன அதே வாய். வழிமொழிந்தவன் ஒரு புது ஆள். அவனும் இடம்பெயர்ந்து வந்து சில மாதம் படித்தவனாம். போன வருடம் அவனுக்காகச் சங்கத்தில் உறுதி சொன்னவன் என் காரில் வந்த இதே தம்பிதான்.

கைகள் உயர்ந்தன. என்னுடைய கைகள் எல்லாம் கீழே கொத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தன.

பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. சத்தம் கேட்டு என் ஆட்கள் கையில் தட்டோடு மேலே வந்து பேந்தப் பேந்த விழித்தார்கள். அவன் ஒலிவாங்கியில் பேசினான். நான் அவனுடைய சொந்த அண்ணன் மாதிரியாம். என் சேவை சங்கத்துக்கு என்றும் வேண்டுமாம். ஆகவே என்னைப் போசகராக்குகிறார்களாம். போசகர் என்றால் ஒன்றுக்கும் கேட்கப்படாமல் எல்லா விழாவிலும் முன்வரிசையில் இருத்தப்படுபவர். ஒரு பொன்னாடை எங்கிருந்தோ வந்தது. அதை அவர்கள் முதலே வாங்கி வைத்திருந்திருக்க வேண்டும். அவன் அதை என் தோளில் போர்த்தினான். ஆட்கள் படம் எடுத்தார்கள். கண்ணைப் பிடுங்கி மடத்தில் விடுவதற்கு எங்களிடம் இருக்கும் முறை இதுதான்.

கார் தரிப்பிடத்துக்கு நான் வந்தபோது அவன் என் காருக்குப் பக்கத்தில், தன் பக்கக் கதவடியில், வழக்கம்போல நின்றான். காற்று வெட்டியது. நடந்து போடா என்று சொல்ல வாய் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். நான் கழற்றி முன்னிருக்கையில் எறிந்த பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவன் ஏறி இருந்தான்.

காரை எடுத்தேன். கதிரை போனதற்கு நான் கோபப்பட்டிருக்கலாம், கோபம்தான் வரவில்லை. அழுகைதான் வந்தது. சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன்ரா தம்பி?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரித்தான் சொன்னான்.

"நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள், படையை வீட்டை அனுப்பினது அரசன்ரை பிழையெண்டு."

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரமோ. அவனுடைய கட்டடத்து வாசலில் நிறுத்தினேன். இறங்கினவன் குனிந்து, திறந்த கதவுக்குள்ளால் என்னைப் பார்த்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்க மறந்துபோனன். அந்த மற்றவன், கடைசியிலை வெண்டவன், அதுக்குப் பிறகு கனகாலம் அரசனாய் இருந்தவனே?"

எனக்கு அது தெரியும். மொழி வகுப்பில் அந்த அம்மா அந்த இடத்தை எழும்பி நின்றுதான் சொல்லுவார். அவன் அதிக காலம் இருக்கவில்லை. நானும் உன் தகப்பனுக்குப் பிறந்தவன்தான் என்று சொல்லிக்கொண்டு இன்னொருவன் வந்தான். படுக்கையில் நித்திரையாக இருந்தவனைக் குத்திக் கொன்றான்.

அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். இத்தனை காலமும் காரில் அவன் கேட்ட எதற்கும் நான் தெரிந்ததை ஒளித்ததில்லை.

"தெரியாதடா தம்பி" என்றேன்.