துரைசானி கறியும் சரோஜா அக்காவும்

ஹோட்டல் வழிகாட்டியின் வேலை, யாரோ வாழ்ந்த வீட்டைச் சிரித்துக்கொண்டே சுற்றிக் காட்டுவது. சிரிப்புக்குத்தான் சம்பளம், பல்லைக் கடிப்பதும் சிரிப்பதும் வெளியே ஒரே மாதிரி தெரிய வேண்டும். விருந்தாளி முன்னால் இப்படி நின்று தாடை வலித்தவர்கள் எல்லாரும் என்னோடு வந்து உட்காருங்கள்.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் சரோஜா அக்கா. மலேசியாவில் லூனாஸ் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுக்குள் இருந்த பழைய துரை பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது; அங்கே சமையல் அவர்தான். அக்கா தன் கையால் மசாலா வறுத்து அரைத்து வைக்கிற கோழிக் கறிக்கு மெனுவில் ‘துரைசானி கறி’ என்று பெயர். எந்தக் காலத்திலோ கப்பலேறிப் போன துரையின் மனைவி கண்டுபிடித்த பக்குவமாம்! நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறவள். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் பெயர் ஏன் போகவில்லை என்று வகுப்பில் மணிக்கணக்காக வாதாடுகிறவள். செமஸ்டர் விடுமுறையில் இங்கே வேலைக்கு வந்து, இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா?

பின்வாசல்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். லூனாஸிலிருந்து ஒரு குடும்பம் பிறந்தநாள் விருந்துக்கு மேசை சொல்லியிருந்தது. நான் தட்டில் சர்பத்தோடு முன்வாசலில் நிற்கிறேன். கார் வந்தது, கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது, ஆளை மட்டும் காணோம். போய்ப் பார்த்தால், பட்டுப்புடவையும் பிறந்தநாள் கேக்குமாக மொத்தக் குடும்பமும் சமையற்கட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. துரை காலத்தில் நம்மவர்களுக்குப் பின்வாசல் மட்டும்தான். அந்தப் பழக்கம் காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

“அங்கிள், நீங்க விருந்தாளி. நீங்க ஏன் பின்பக்கமா வரணும்? அந்தக் காலமெல்லாம் போச்சு, முன்வாசல் உங்களுக்கும் சொந்தம்தான்!” என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பிறந்தநாள்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “முன்வாசல் எங்க இருக்குன்னு தெரியும்மா. கறி வாசம் இந்தப் பக்கம்லா வருது.”

தலையில் துண்டு

எங்கள் மேனேஜர் சேகர் அண்ணன் கெட்டவர் அல்ல. விருந்தாளி என்ன கேட்பார் என்பதைத் தவிர வேறெதுவும் யோசிக்காதவர், அவ்வளவுதான். ஒருநாள் என்னிடம் கைலியையும் தலைத்துண்டையும் நீட்டினார். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள் மாதிரி வேஷம் போட்டு, வாளியோடு நின்றால் விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

“அண்ணே, எங்க வீட்டுல இப்ப யாரும் மரம் வெட்டல. எங்கம்மா கூலிம் ஃபேக்டரியில கம்ப்யூட்டர் சில்லு சோதிக்கிறாங்க. தலையிலேருந்து கால்வரைக்கும் வெள்ளை அங்கி, கண்ணு மட்டும்தான் தெரியும். இன்னைக்குத் தமிழச்சி போடுற உடுப்பு அதுதான். அதைப் போட்டுக்கிட்டு நிக்கட்டுமா?” அண்ணன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். “வேணாம்மா, ஹோட்டல்ல நோய் வந்துருச்சுன்னு நெனைச்சுக்குவாங்க.”

எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பங்களாவைச் சுற்றிக் காட்டி முடித்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாவ், எவ்ளோ ஃப்ளூயன்ட்டா தமிழ் பேசுற! எங்க கத்துக்கிட்ட?” வீட்டில் என்றேன். “ரியலி? அமேஸிங்!”

வெள்ளைக்காரர் ‘நீ எந்த ஊர்’ என்று கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். நம்மவரே கேட்டால்? ஆரம்பித்துவிட்டேன். தமிழ் சென்னையில் மட்டும் முளைத்ததா, நாங்கள் என்ன கிளையா, நகலா, இரவல் வாங்கியவர்களா, ‘வாவ்’ எந்த ஊர்த் தமிழ் என்று வராந்தா முழுக்க நடந்துகொண்டே கேட்டேன். அந்த அம்மாவின் கணவர் சிரித்தபடி அவரைக் காருக்கு இழுத்துப்போனார். “வாடி. இப்படி வாசல் வரைக்கும் வந்து சண்டை போடுதுன்னா, சந்தேகமே வேணாம், நம்ம பொண்ணுதான்.”

யாரைக் கேட்டாய்?

அன்றைக்கு இருந்த சூட்டிலேயே கறி வழக்கையும் சேகர் அண்ணனிடம் கொண்டுபோனேன். மெனுவில் ‘சரோஜா கறி’ என்று போட வேண்டும், துரைசானி அடுப்படிப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்றேன். “எனக்கும் தெரியும் லா. சரோஜான்னு போட்டா ரோட்டோர ஒட்டுக்கடைச் சாப்பாடுன்னு நெனைப்பாங்க. துரைசானின்னு போட்டாத்தான் வெள்ளி ஸ்பூன் கேட்டுச் சாப்பிடுவாங்க” என்றார். வாயில்லாதவர்களின் குரலைப் பற்றி நான் மூச்சு விடாமல் பேசினேன். அவர் முடிக்கவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “இவ்வளவு பேசுறியே, அக்காவை ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. உடனே ஓடிப்போய்க் கேட்டேன். அக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பேரு வந்தா நல்லாத்தான் இருக்கும். யாருக்கு ஆசை இருக்காது? ஆனா அதை நாமளே கேட்டு வாங்குனா நல்லாவா இருக்கும், பாப்பா?”

சமைத்தவர் யார்?

அடுத்த சனிக்கிழமை மெர்கோங்கிலிருந்து ஒரு டீச்சர் தோழிகளோடு வந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு, “சமைச்ச கையைப் பார்க்கணுமே” என்றார். அது அடுப்படி வரை கேட்டது. அக்கா ஏப்ரனை அவிழ்த்தார், முகத்தைத் துடைத்தார், முடியைச் சரிசெய்துகொண்டு ஹால் கதவுவரை வந்துவிட்டார். அதற்குள் சேகர் அண்ணன் அவர்களைச் சுவரிலிருந்த துரைசானியின் பெரிய படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “இவங்க பக்குவம்தான்” என்றார். எல்லாரும் படத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அக்கா வந்த வழியே திரும்பிப் போய் ஏப்ரனை மாட்டிக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். “நீ சும்மா இரு பாப்பா” என்றார் அக்கா.

சாயங்காலம் சேகர் அண்ணன் உற்சாகமாக உள்ளே வந்தார். “அக்கா, நாளைக்குப் பினாங்கிலேருந்து ஒரு பஸ் நிறைய ஆளுங்க. எல்லாருக்கும் துரைசானி கறி. வெள்ளனமே வந்துருங்க.”

நான் படித்த காலனியப் பாடம் மொத்தத்தையும் அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே சொல்லி முடித்தார்: “நாளைக்கு நான் லீவு, தம்பி. அதான் ஹால்ல அந்தம்மா சும்மாதானே தொங்குறாங்க, இறக்கி உள்ள அனுப்புங்க, சமைக்கட்டும்.”