சிஸ்டர் பரமேஸ்வரியும் ஒரு பிளாஸ்க் பாலும்

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் பழைய வார்டில் ஆயாவாக இருந்த லெட்சுமி. "அக்கா, சிஸ்டர் போயிட்டாங்க. காலையில கோப்பி கொண்டு போய் எழுப்பினாங்களாம், எழுந்திரிக்கல" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க எங்களை விரட்டி விரட்டி வேலை வாங்கிய மனுஷி, இப்படிச் சத்தமில்லாமலா போவது!

கிள்ளான் ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்த அவரிடம் திட்டு வாங்காதவர்கள் நர்ஸுகள் எங்களில் யாரும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் வருவார். வாசலில் நுழையும்போதே குரல் கேட்கும். ஒருமுறை, "கொஞ்சம் மெதுவாகத் திட்டக் கூடாதா, சிஸ்டர்?" என்று கேட்டேன். "மெல்லமாச் சொன்னால் இங்கை ஒருத்தருக்கும் விளங்குதில்லை" என்றார். யாழ்ப்பாணத்துப் பேச்சு அவர் வீட்டில் மாறவே இல்லை.

காப்பாரில் லோரி ஓட்டிய முனியாண்டியின் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிராணவாயு கொடுத்தோம். டின் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பியது. தாய்ப்பால்தான் வேண்டும். தாயோ வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும் வரை வாசல் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கட்டு. அதனால் பாலைப் பிழிந்து புருஷனிடம் கொடுத்தனுப்பினாள்.

முனியாண்டி பாசத்தோடு கொண்டுவந்தார். மனைவி தரும் பால் ஆறிப்போனால் பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும் என்று அதைச் சுடவைத்து, வெந்நீரில் கழுவிய பிளாஸ்க்கில் ஊற்றி, துண்டு வேறு சுற்றி எடுத்துவருவார். பிளாஸ்க் வெயிலில் லோரிக்குள்ளேயே கிடக்கும்; இறக்க வேண்டிய சரக்கை இறக்கிவிட்டு அவர் எங்களிடம் வந்து சேரும்போது பால் திரிந்திருக்கும். முதல் நாள் பேசாமல் கொட்டினோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சிஸ்டர் வெடித்தார்.

"தம்பி, இது கோப்பியே சூடாக் குடிக்க? ஐஸிலை வைச்சுக் கொண்டு வாங்கோ! இப்ப உள்ளை போற சாப்பாட்டிலைதான் இந்தப் பிள்ளையின்ரை மூளையும் கண்ணும் வளருது. விளங்குதே?"

வார்டே திரும்பிப் பார்த்தது. முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நாள் பாசாரில் மீன்காரரிடம் ஐஸ் பெட்டி இரவல் வாங்கி, மீன் வாடை போகத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார். அதன் பிறகு ஒரு நாளும் பால் கெடவில்லை. குழந்தை தேறினாள். வீட்டுக்கு அனுப்பிய அன்று சிஸ்டர் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் வார்டில் எடையைத்தான் பார்த்தோம். கண்ணைப் பார்க்க ஆளில்லை.

பெயர் சூட்டும் விழாவுக்குச் சிஸ்டரையும் என்னையும் அழைத்தார்கள். தேவி என்று பெயர் வைத்தார்கள். கற்பூரத் தட்டைக் குழந்தையின் முன்னால் சுற்றினார்கள். சிஸ்டர் சட்டென்று எழுந்து தட்டை வாங்கி, தானும் மெதுவாக இடப்பக்கம் கொண்டுபோனார், பிறகு வலப்பக்கம். பெரிய மிஸ்ஸி ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். குழந்தையின் கண்கள் சுடரோடு போகவில்லை.

கோலாலம்பூரில் கண் டாக்டரிடம் குழந்தையையும் தகப்பனையும் சிஸ்டரே அழைத்துப் போனார். நானும் போனேன். குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணின் உட்புறத்து இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது என்றார் டாக்டர். பிராணவாயு கூடியதும் காரணமாகலாம், ஆரம்பத்தில் ஊட்டம் சேராததும் காரணமாகலாம், இரண்டு கண்ணிலும் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்த முனியாண்டியிடம் சொன்னோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மிஸ்ஸி, நான் பாலக் கெடுத்ததாலயா?"

சிஸ்டரின் முகம் செத்துப்போனது. வார்டில் கத்திச் சொன்ன வார்த்தை அவருக்கு நினைவு வந்திருக்கும். உடனே சொன்னார்: "இல்லைத் தம்பி. பாலாலை இல்லை. நாங்கள் குடுத்த காத்தாலை. கோவம் எண்டால் என்னிலை கோவியுங்கோ."

திரும்பும் வழியில், "உண்மையா சிஸ்டர்?" என்று கேட்டேன். "எதாலை எண்டு எனக்கென்ன தெரியும்? ஆரோ ஒராள் சுமக்கத்தானே வேணும்" என்றார். பிறகு வார்டுக்கு ஒரு கண் டாக்டரை அனுப்பச் சொல்லி மேலே கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை யாரும் வரவில்லை. எத்தனை பிள்ளைகள் அப்படிப் போனார்களோ! திட்டுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டார். அது எனக்குப் பயமாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சிஸ்டரின் உடலைக் கிடத்தியிருந்தபோது முனியாண்டி வந்தார். தலை நரைத்திருந்தது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தேவி, வளர்ந்த பெண். "பெரிய மிஸ்ஸி எங்க இருக்காங்கப்பா?" என்றாள். அவள் கையை எடுத்து சிஸ்டரின் பாதத்தில் வைத்தார்.

வாசல் கேட் அருகே அவளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா, அவங்கதான் போயிட்டாங்க. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. நான் சூட்டுல கொண்டாந்தேனே, அதுலதானே பாப்பா கண்ணு போச்சு?"

இத்தனை வருஷமும் அவர் நம்பவே இல்லை. சிஸ்டர் சுமந்தது வீண். இவரும் சுமந்திருக்கிறார்.

"இல்ல தம்பி. பாலால இல்ல. நாங்க குடுத்த காத்தால. கோவம்னா என் மேல கோவப்படுங்க" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் கையைப் பிடித்துப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது இந்தப் பதில் ஒன்றைத்தான். அது உண்மையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முனியாண்டி மறுபடியும் கேட்பார். மறுபடியும் இதையேதான் சொல்வேன்.