ரெண்டு விரக்கடை

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஏர் கன்னை மாடியிலிருந்தே தூக்கி எறிஞ்சிருப்பேன். மறுநாள் ஞாயிறு, கோச்சடையில கூட்டாளி வீட்டுத் தோப்புல எங்களுக்குள்ள குறி சுடுற போட்டி. போன தடவை நான் சுட்டது குறி அட்டையிலேயே படலை. "மாப்ள, காக்காயை விரட்டுறியா?"ன்னு சிரிச்சானுங்க. அந்தச் சிரிப்பை அடக்கணும்னுதான் ஊசிக்குப் பின்னால உல்லன் நூலைக் குஞ்சமா கட்டி, நானே டார்ட் செஞ்சேன்.

பாதி நான் கட்டினேன், நீல நூல். நூல் தீர்ந்துபோச்சு. மீதியை என் வீட்டுக்காரி தோரணத்துக்கு வாங்கி வச்சிருந்த சிவப்பு நூல்ல கட்டினா. "குஞ்சம் ரெண்டு விரக்கடை நீளம் இருக்கணும்"னு அவகிட்ட சொன்னேன். எங்க ஊர்ல இப்படி விரலை வச்சு அளக்குறதுதானே வழக்கம்.

சனிக்கிழமை மதியம் வில்லாபுரம் வீட்டு மாடியில, சுவரோரம் அட்டையை நிறுத்திச் சுட்டுப் பார்த்தேன். ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது, ஒண்ணு மூலையில குத்தி நிக்குது. அடச்சே!

"ஒரு நூலை ஒழுங்கா கட்டத் துப்பில்லையா உனக்கு?"ன்னு கத்திட்டேன். பக்கத்து மாடியில துணி காயப்போட்டவங்க திரும்பிப் பார்த்தாங்க. பக்கத்துல உக்காந்து நூல் நறுக்கிக்கிட்டு இருந்தவ கத்தரிக்கோலைக் கீழ வச்சுட்டு இறங்கிப் போயிட்டா.

அட்டையிலிருந்து டார்ட்டைப் பிடுங்கப் போனவன் அப்படியே நின்னுட்டேன். நீலம்தான் நாலா பக்கமும் சிதறிக் கிடந்துச்சு. சிவப்பு அத்தனையும் குறிக்குக் கொஞ்சம் மேல, ஒரே இடத்துல கொத்தா இருந்துச்சு. அவ விரல் ஒல்லி, அதனால குஞ்சம் குட்டை, டார்ட் கொஞ்சம் மேல ஏறுது. ஆனா ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம் இல்லை. நான்தான் விரலை ஒருதரம் இறுக்கி, ஒருதரம் விரிச்சு அளந்திருக்கேன். அறிவுகெட்டவன். பழியை அவ மேல போட்டுட்டேன்.

கீழ போனேன். பூ கட்டிக்கிட்டு இருந்தா. "இன்னும் பத்து கட்டித் தாரியா?"ன்னு கேட்டேன். மன்னிப்புக் கேக்க வாய் வரலை, வீணாப்போன ரோஷம்.

நிமிராமலே ரெண்டு விரலை நீட்டினா. "இந்த விரலுக்குத்தான் கட்டுவேன். குறியை நீங்க மாத்திக்கங்க."

மறுநாள் சிவப்பை மட்டும் எடுத்துட்டுப் போய், குறியைக் கீழ இறக்கிச் சுட்டேன். ஒருத்தனும் சிரிக்கலை. "யாரு மாப்ள கட்டினது?"ன்னு கேட்டானுங்க. சொன்னேன். தப்பு என் மேலதான்னு அவகிட்டதான் இன்னும் சொல்லலை.