சுவிட்சை அணைக்கும் கிளாக்கர்

மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோரில்தான் அவரைக் கண்டேன். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. தேநீர் குடிக்க எழும்பினாலும் அந்தக் கிளாக்கர் கணினியின் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார். இடி விழுந்தால் எரிந்துவிடுமாம்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து விடத்தல்தீவுக்குத் திரும்பிய பெண் ஒருவர் வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய குடியுரிமைப் பதிவு மறுபடியும் காணாமற்போயிருந்தது. கணினிகளைத் திருத்த வந்த எனக்குக் காரணம் உடனே விளங்கியது.

“ஐயா, நீங்கள் சேமிக்கிறது நேரே சேர்வர் எண்ட பெரிய கணினிக்குப் போறேல்லை. கொஞ்ச நேரம் இந்தக் கணினியின்ர நினைவிலதான் நிக்கும். அதுக்குள்ள சுவிட்சை நிப்பாட்டினா அழிஞ்சுபோம்.”

“சேமிச்சாச்சு எண்டு காட்டினதே, பிள்ளை! மெசின் பொய் சொன்னா நானோ பிழை?”

“சுவிட்சைத் தொடாமல் இருங்கோவன்.”

“இடி விழுந்தா நீங்களோ பதில் சொல்லுவியள்?”

அவரைத் திருத்துவதைவிடக் கணினியைத் திருத்துவது சுலபமாக இருந்தது. எழுதியது சேர்வரைச் சேர்ந்த பிறகே ‘சேமித்தாயிற்று’ என்று காட்டும்படி மாற்றினேன். வேகம் குறையும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் விபரங்களை மீண்டும் பதிந்தார்.

அடுத்த கிழமை கிளாக்கர் தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, இது சரியான மெதுவாக் கிடக்கு. பழையபடி மாத்தித் தாங்கோ.”

“அந்த அக்கான்ர பதிவு?”

“அது அழியேல்லை. அவ சேட்டிபிக்கற்றும் வாங்கிக்கொண்டு போயிட்டா. அவவின்ர வேலை முடிஞ்சுதுதானே, இனி வேகமா விடலாம்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எப்ப வருவியள்?” என்றார்.