கேட்காமல் வாங்கிக்கொண்ட கோழி

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி தன் முட்டைக்கோழியைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். கம்பளி ஒரு வீட்டுக்கு, குடம் ஒரு வீட்டுக்கு, கோழி ஒரு வீட்டுக்கு. பயணத்தைப் பற்றி மட்டும் விமானம் ஏறும்வரை மூச்சு விடமாட்டார்கள், கண் பட்டுவிடுமாம். நாங்களும் கேட்கமாட்டோம். கேட்காமலிருப்பதுதான் மரியாதை.

அவள் ஏற்கெனவே ஒருமுறை குவைத் போய் வந்தவள். புருஷன் விட்டுப்போனதிலிருந்து மூன்று மாதமாகச் சரியான சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தபடியே அழுவாள்.

"நான் இருந்து யாருக்குக்கா என்ன ஆகப்போகுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வாய மூடிக்கிட்டுக் கொழுந்த எடு புள்ள" என்றேன். எனக்கு எப்போதும் வாய் ஜாஸ்தி. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன், பாவி.

கோழி கொடுத்த அன்று அவள் முகம் தெளிந்திருந்தது. "மகளக் கொஞ்சம் பாத்துக்குங்கக்கா" என்றாள். ஏஜென்சிக்காரன் தேதி கொடுத்துவிட்டான் என்று லயமே குசுகுசுத்தது. எல்லா வீட்டிலும் அவள் கொடுத்த பொருள் ஒன்று இருந்தது. ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அவள் இல்லை. மகள்தான் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அவளைத் திட்டினேன். பிழைத்துக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பியதும் கோழியைக் கொண்டுபோய் விட்டேன்.

"நீங்களே வெச்சுக்குங்கக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இந்த முறை கேட்டுவிட்டேன். "இன்னும் சாகணும்னு தோணுதாடி?"

"தெரியலக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் வரச்சொன்ன அடுத்த கிளினிக்குக்கு ஒரு வாரம் இருந்தது. கூட வருகிறேன் என்றேன். தலையாட்டினாள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கோழியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.