நான் தைக்க மறுத்த சீருடை

டிசம்பர் பிறந்துவிட்டால், ஜனவரியில் திறக்கிற பள்ளிகளுக்குச் சீருடை தைக்கிறவளுக்குச் சோறு ஏது, தூக்கம் ஏது? மெஷின் மிதித்துக் கால் வீங்கிய உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நாடா

எழுபதுகளின் கடைசி. சுங்கைப் பட்டாணி, பாக்கார் ஆராங்கில் என் வீட்டு முன்னறைதான் கடை. எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிற மேரி, மகள் ஸ்டெல்லாவை அழைத்து வந்தாள். சர்ச் விடுதிப் பள்ளியில் தங்கிப் படிக்கிற பிள்ளை; போன வருஷம் என் மெஷினை மிதித்துப் பார்த்து ஊசியை உடைத்த வாயாடி. இந்த முறை அளவு நாடாவோடு நான் கிட்டே போனதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். மேரிக்கு மானம் போயிற்று.

“கூச்சம்தான்லா அக்கா. ஒரு குத்துமதிப்பா தச்சிடுங்க.”

ஜெபம்

நான் குத்துமதிப்பாகத் தைக்கிறவள் இல்லை. மறுவாரம் வரச் சொன்னேன். மேரி மட்டும் வந்தாள். லீவுக்கு வந்த பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையாம், தூக்கத்தில் அலறுகிறாளாம். பேய் பிடித்திருக்கிறது என்று லயத்து வீடுகளில் பேச்சு. அதனால் விடுதியில் வேதபாடம் நடத்துகிற உபதேசியாரையே வரவழைத்து, தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார்களாம். பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாளாம்.

“பேய் போயிருச்சுன்னு எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்கக்கா.”

முதுகு

உடனே பிள்ளையைக் கூட்டி வா என்றேன். வந்ததும் மேரியை நூல் வாங்க அனுப்பிவிட்டு, நாடாவை ஸ்டெல்லா கையிலேயே கொடுத்தேன். “நீயே அளந்து சொல்லும்மா, நான் திரும்பி நின்னு எழுதிக்கிறேன்.” தோள் அளவு சொன்னாள், கை அளவு சொன்னாள். அப்புறம் நாடாவைக் கீழே போட்டாள். நான் திரும்பவில்லை.

“பெரியம்மா, உபதேசியாரால கழட்ட முடியாத மாதிரி தச்சுத் தருவீங்களா?”

துணி

மேரியிடம் சொன்னேன். இருவரும் அழுதோம். அவள் போய்ச் சபையில் நியாயம் கேட்டாள். கிடைத்த பதில், ஞாயிறு ஆராதனையில் அவள் பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. அதோடு விட்டார்களா? சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் சீருடைத் துணியோடு, மேரி இருக்கும்போதே, என் கடைக்கே வந்தார். பிள்ளை பேசாமல் விடுதிக்குத் திரும்பட்டும், விஷயம் வெளியே போனால் நாளைக்கு அவளை எவன் கட்டுவான் என்றார். வந்த ஆத்திரத்தில், தைக்க மாட்டேன் என்று துணியை அவர் கையிலேயே திணித்தேன். பக்கத்தில் நின்ற மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இனி அவ டவுன் ஸ்கூல்தான், அதுக்குத் தைங்கக்கா. நான் போலீஸ் பாலாய்ல புகார் குடுத்துட்டு வர்றேன்.”

அந்த வருஷத்தோடு சபைத் தையல் எனக்குப் போயிற்று. ஆனால் எவன் கட்டுவான் என்று அவர் கேட்டாரே, பல வருஷம் கழித்து நடந்த அந்தக் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்தது நான், அளந்தது ஸ்டெல்லா, அன்றைக்கும் நான் திரும்பித்தான் நின்றேன்.